முதுகுப் பக்கம் நான்கு தையல்

போன மாதம் என் மகள் வேலையிடத்துத் தோழிகளோடு மலையேறக் கிளம்பினாள். முதல் நாளே சட்டைகளைக் கட்டில்மேல் பரப்பி வைத்திருந்தாள். மூன்று சட்டைகள், மூன்றும் மெல்லியவை. சேர்த்துக் கையில் தூக்கிப் பார்த்தேன். ஒரு துண்டின் கனம்கூட இல்லை. இதைப் போட்டுக்கொண்டா குளிரில் நிற்பாய் என்று கேட்டேன்.

"உள்ள போடுறது வேர்வைய வெளிய தள்ளும்மா. நடுவுல உள்ளது சூட்ட வச்சிக்கும். மேல போடுறது காத்தத் தடுக்கும். ஏறும்போது கழட்டிறணும், நின்னா போட்டுக்கணும். அவ்ளோதான்லா," என்றாள்.

தலையாட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். இந்த விஷயத்தைப் பத்து வயதிலேயே ஒரு மலை உச்சியில் தெரிந்துகொண்டவள் நான் என்று சொல்ல வாய் எழவில்லை. எனக்குப் பேச்சு அவ்வளவாக வராது. எழுதினால் கொஞ்சம் வரும்.

அப்போது நாங்கள் மலேசியாவில், பகாவ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அம்மா பால்மரம் வெட்டினாள், மரப்பட்டையைக் கீறிப் பால் இறக்கும் வேலை. அப்பாவுக்குத் தோட்டத்து லாரியில் வேலை. அக்காவுக்குப் பதினைந்து வயது. நன்றாகப் படிப்பாள். படிவம் மூன்று தேர்வில் தேறி, சிரம்பானில் ஒரு பள்ளியில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. அங்கேயே ஹாஸ்டலில் தங்கி இரண்டு வருடம் படிக்க வேண்டும். அந்தக் கடிதம் வந்த நாளிலிருந்து வீட்டில் சந்தோஷமும் சண்டையும் மாறி மாறி நடந்தன.

சண்டைக்குக் காரணம் அக்காவின் நெஞ்சு. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இழுப்பு உண்டு. மழை நாட்களில் மூச்சு விடும்போது உள்ளே ஏதோ கதவு திறந்து மூடுவதுபோலச் சத்தம் வரும். அம்மா அவளை உட்காரவைத்து, சுடவைத்த எண்ணெயை முதுகில் தேய்த்துக்கொண்டே இருப்பாள். எல்லாவற்றுக்கும் பனிதான் காரணம் என்பது அம்மாவின் முடிவு. எங்கள் வீட்டுப் பலகைச் சுவரில் எங்கே இடுக்கு இருந்தாலும் அங்கே ஒரு துணி அடைக்கப்பட்டிருக்கும்.

"அங்க யாரு இவளுக்கு முதுகு தேச்சுவிடுவா? ஹாஸ்டல்ல தரையில படுக்க வச்சாங்கன்னா?" என்று அம்மா கேட்பாள். கட்டில் இருக்கிறது என்று அக்கா சொல்வாள். கட்டிலிலும் பனி இறங்கும் என்பாள் அம்மா.

அப்பா பொதுவாக இதில் தலையிடுவதில்லை. ஒருநாள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, எல்லாருக்கும் நியாயமாகத் தோன்றும்படி ஒரு தீர்ப்புச் சொன்னார்.

"மன்றத்துப் பசங்க மலைக்குப் போறாங்க. இவளும் போயிட்டு வரட்டும். மேல நல்லா குளுரும். அங்க இழுப்பு வரலன்னா ஹாஸ்டலுக்கு அனுப்பு. வந்துச்சுன்னா இந்தப் பேச்ச விட்டுறலாம்."

அம்மா உடனே சம்மதித்தாள். வந்துவிடும் என்று அவள் உறுதியாக நம்பியிருக்க வேண்டும். அக்காவின் முகம் மட்டும் வெளுத்துப் போயிற்று. இரண்டு வருடப் படிப்பு ஒரு மலையின் தலையில் போய் உட்கார்ந்துகொண்டது.

தோட்டத்து இளைஞர் மன்றத்துக்கு என் சித்தப்பா செயலாளர். அவர் கேமரன் மலையில் ஒரு காய்கறித் தோட்டத்தில் எட்டு மாதம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். அதனால் குளிரைப் பற்றி இந்தத் தோட்டத்தில் தனக்கு மட்டுமே தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, தடிச்சதா ஒன்னு போட்டு அனுப்பாதீங்க. மெல்லிசா மூணு போடுங்க. ஏற ஏற ஒன்னொன்னா கழட்டணும். மேல போயி திரும்பப் போட்டுக்கணும். கேமரன்ல நாங்க அப்படித்தான்."

"நீ சொன்னேன்னு கோழிக்கு மொளகு குடுத்தேன். ஆறு கோழி செத்துச்சு," என்றாள் அம்மா.

ஆனாலும் மூன்று என்கிற கணக்கை மட்டும் அம்மா எடுத்துக்கொண்டாள். கழற்றுவது என்கிற பகுதியை விட்டுவிட்டாள்.

மலைக்குப் போகிற அன்று விடியும் முன்பே அக்காவை நிற்கவைத்து உடுத்தினாள். முதலில் அப்பாவின் பனியன். அதன்மேல் ஒரு பழைய பிளானல் சட்டை. அதன்மேல் அம்மா வேலைக்குப் போடும் நீளக்கைச் சட்டை. எல்லாவற்றுக்கும் மேலே அப்பாவின் மோட்டார் சைக்கிள் ஜாக்கெட். அது நைலான். அப்பா மோட்டாரில் போகும்போது அதை எப்போதும் முன்பின்னாகத்தான் போடுவார். கையை முன்புறமாக நுழைத்து, ஜிப்பு முதுகில் வரும்படி. அப்போதுதான் காற்று நெஞ்சில் ஏறாது. எங்கள் பக்கத்தில் மோட்டார் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் போடுவார்கள். அக்காவுக்கும் அம்மா அப்படியே போட்டு, முதுகில் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்தாள். பிறகு ஊசியில் நூல் கோத்து, ஜிப்பின் தலையைக் காலரோடு சேர்த்து நான்கு தையல் போட்டாள்.

"எதுக்கும்மா தைக்கிற?" என்று அக்கா கேட்டாள். 

"வேர்த்தா நீ கழட்டிருவ. வேர்த்த ஒடம்புல காத்து பட்டா போச்சு."

அதன் பிறகுதான் என் பக்கம் திரும்பினாள். நானும் போகிறேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"நீ அவ பின்னாலயே நட. அவ முதுகத்தான் பாத்துக்கிட்டுப் போவணும். இந்தத் தையல் எப்படி இருக்கோ அப்படியே வரணும். இழுப்பு வந்துச்சுன்னா வந்து என்கிட்ட சொல்லணும். மறைச்சேன்னு தெரிஞ்சிச்சு, அப்பறம் இருக்கு."

தோட்டத்து லாரியில் இருபது பேர்போல ஏறினோம். சிரம்பான் போகும் வழியில் உள்ள ஒரு மலையின் அடியில் இறக்கிவிட்டார்கள். காட்டுப் பாதை, வேர்களே படிகளாக மேலே போயிற்று. நான் மரங்களைப் பார்க்கவில்லை, குரங்குகளைப் பார்க்கவில்லை. என் முகத்துக்கு நேரே அந்த நான்கு வெள்ளைத் தையல்கள் இருந்தன. அவற்றைத்தான் பார்த்துக்கொண்டு ஏறினேன். ஒவ்வொரு முறை அக்கா கையை உயர்த்தி வேரைப் பிடிக்கும்போதும் நூல் இழுபடும்.  அறுந்துவிட்டால் அம்மா என்னை நம்புவாளா. அறாமலே இழுப்பு வந்துவிட்டால் அதை நான்தானே சொல்ல வேண்டும். நான் சொன்னால் அக்கா ஹாஸ்டலுக்குப் போக முடியாது. சொல்லாவிட்டால் அங்கே போய் அவளுக்கு ஏதாவது ஆகும். இரண்டு பக்கமும் அடைத்துவிட்டதுபோல் இருந்தது.

பின்னால் வந்த ஒரு பையன் கத்தினான். "இங்க பாருங்கடா, இது போவுதா வருதான்னே தெரியல."

"முன்னாடி முகம் இருக்குல, அப்ப போவுதுதான்," என்றான் இன்னொருவன்.

எல்லாரும் சிரித்தார்கள். அக்கா திரும்பவில்லை. அவள் கழுத்தில் தலைமுடி ஈரமாக ஒட்டிக்கிடந்தது.

சித்தப்பா தான் சொன்னபடியே செய்துகொண்டு முன்னால் போனார். ஏறத் தொடங்கியதும் ஒரு சட்டையைக் கழற்றினார். கொஞ்ச தூரம் போய் இன்னொன்றைக் கழற்றினார். இரண்டையும் மடித்து ஒரு ரொட்டிப் பையில் போட்டு, வாயைக் கட்டி இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டார்.

"என்னாண்ணே, மலைமேல டோபி கடை போடப் போறீங்களா?" என்று கேட்டார்கள்.

"சிரிங்க, சிரிங்க. மேல வந்து என்கிட்டதான் நிக்கப் போறீங்க."

பாதி வழியில் அக்கா நின்றாள். மற்றவர்கள் தாண்டிப் போகட்டும் என்று காத்திருந்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"தங்கச்சி, அத பிச்சு விடுடி."

"மாட்டேன்."

"வேர்த்து ஊத்துதுடி. தண்ணிக்குள்ள நடக்கிற மாதிரி இருக்கு. மேல போறப்ப திரும்பப் போட்டுக்கிறேன்."

"அம்மா சொல்லியிருக்கு."

"அம்மா மட்டும் கழட்டுது?"

அது உண்மை. அம்மா விடியற்காலையில் வேலைக்குப் போகும்போது மூன்று பழைய சட்டைகள் போட்டுக்கொண்டுதான் போவாள். முதல் நிரை மரங்களை வெட்டி முடித்ததும் ஒன்றைக் கழற்றி ஒரு கிளையில் மாட்டுவாள். வெயில் ஏறியதும் அடுத்ததை. பால் எடுக்கத் திரும்பி வரும்போது மரம் மரமாகத் தன் சட்டைகளைப் பொறுக்கிக்கொண்டு வருவாள். பள்ளி விடுமுறையில் உதவிக்குப் போகும்போது எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். மற்ற பெண்களும் அப்படித்தான்.

"அம்மாவுக்கு இழுப்பு இல்லல," என்றேன்.

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். தானே கையைப் பின்னால் வளைத்துப் பார்த்தாள். விரல் காலர்வரை போயிற்று. நூலைப் பிடிக்க முடியவில்லை. மறுபடி ஏறத் தொடங்கினாள். நானும் தையலைப் பார்த்துக்கொண்டு ஏறினேன். இப்போது அவை நான்கும் ஈரத்தில் பழுப்பாகிவிட்டிருந்தன.

உச்சியில் மரங்கள் இல்லாத ஒரு சின்ன வெட்டவெளி. சற்று முன்வரை புழுங்கிக்கொண்டிருந்த இடம், திடீரென்று காற்றாக மாறிவிட்டது. மேகம் எங்கள் கால்களுக்கிடையே போயிற்று. எல்லாரும் பையிலிருந்து சுவெட்டரையும் துண்டையும் எடுத்துப் போட்டுக்கொண்டு படம் பிடிக்க நின்றார்கள். அக்காவிடம் போட்டுக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லை. எல்லாம் ஏற்கெனவே உடம்பில்தான் இருந்தது. அத்தனையும் நனைந்து இருந்தது.

அவள் ஒரு பாறைக்குப் பின்னால் போய் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். உதடு சாம்பல் நிறமாக இருந்தது. பல் அடித்துக்கொண்டது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். காற்றுச் சத்தத்துக்குள் அந்தச் சத்தம் கேட்டது. உள்ளே கதவு திறந்து மூடுகிற சத்தம்.

அப்போது எனக்கு முதலில் தோன்றியது என்ன என்பதை இத்தனை வயதுக்குப் பிறகு மறைக்க வேண்டியதில்லை. அவளுக்கு மூச்சு நின்றுவிடுமோ என்று தோன்றவில்லை. ஐயோ, இனி நான் சொல்லியாக வேண்டுமே என்றுதான் தோன்றியது.

அக்கா என் கையைப் பிடித்தாள். அவளுக்கும் அதே நினைப்புத்தான் போலிருக்கிறது.

"சொல்லிறாத," என்றாள். அந்த ஒரு சொல்லுக்கு இரண்டு முறை மூச்சு வாங்கினாள்.

நான் அவளுக்குப் பின்னால் போய் மண்டியிட்டு வாயை வைத்துத் தையலைக் கடித்தேன். அம்மா எதைத் தைத்தாலும் நூலை இரட்டையாகப் போட்டுத்தான் தைப்பாள். லேசில் அறவில்லை. நைலானில் பெட்ரோல் வாடையும் உப்பும் நாக்கில் பட்டன. நான்காவதும் அறுந்ததும் ஜிப்பை இழுத்தேன். உள்ளேயிருந்து சூடாக ஆவி வந்தது. அடுத்த நொடியே அது சில்லென்று ஆகிவிட்டது. சட்டைகளைத் தொட்டேன். பிழிந்தால் தண்ணீர் சொட்டும்போல் இருந்தது.

சித்தப்பாவைக் கூப்பிட்டேன். எனக்குச் சத்தமாகக் கூப்பிட வராது. அன்றைக்கு எப்படியோ வந்துவிட்டது.

அவர் ஓடிவந்து பார்த்தார். அதுவரை இருந்த சவடால் எல்லாம் முகத்திலிருந்து இறங்கிவிட்டது. ரொட்டிப் பையின் முடிச்சு அவிழவில்லை. கடைசியில் பையையே கிழித்தார். உள்ளே அவருடைய இரண்டு சட்டைகளும் காய்ந்தபடி இருந்தன. கூட வந்த இரண்டு பெண்கள் கைலி ஒன்றைச் சுற்றிலும் பிடித்துக்கொண்டார்கள். ஈரமான மூன்றையும் கழற்றிவிட்டு, துடைத்து, காய்ந்த இரண்டையும் போட்டோம். அதன்மேல் ஜாக்கெட்டை இந்த முறை எல்லாரும் போடுவதுபோல முன்பக்கமாகப் போட்டு, தாடைவரை ஜிப்பை ஏற்றினோம். யாரோ ஃபிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தார்கள். சித்தப்பா காற்று வரும் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, வெறும் பனியனோடு சுவர்போல உட்கார்ந்துகொண்டார்.

நான் அவள் மூச்சை எண்ணினேன். எண்ணிக்கை தப்பித் தப்பித் திரும்ப ஆரம்பித்தேன். எத்தனை நேரம் என்று தெரியாது. கதவுச் சத்தம் மெல்ல மெல்லச் சிறுத்தது. பிறகு காற்று மட்டும் கேட்டது. அக்கா, "பசிக்குது," என்றாள். சித்தப்பா இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார்.

"நான்தான கூட்டிட்டு வந்தேன். அண்ணிக்குத் தெரிஞ்சா என்னைய வெட்டிப் போட்டுரும்லா," என்றார்.

இறங்கும்போது எங்கள் மூன்று பேருக்குள்ளும் பேசி முடிவு செய்யாமலேயே அம்மாவிடம் சொல்வதில்லை என்ற முடிவு எடுக்கப்பட்டிருந்தது. மற்றவர்களிடமும் சித்தப்பா சொல்லிவைத்தார். லாரியில் ஈரச் சட்டைகளை இரும்புக் கம்பியில் கட்டிவிட்டோம். மத்தியான வெயிலிலும் காற்றிலும் கொடிபோல அடித்துக்கொண்டு காய்ந்தன. வழியில் கோலாப் பிலா டவுனில் லாரி தேநீருக்கு நின்றபோது சித்தப்பா ஒரு சீனன் கடையில் ஊசியும் வெள்ளை நூலும் வாங்கி வந்தார். அக்கா மறுபடி அந்த மூன்று சட்டைகளையும் வரிசை மாறாமல் போட்டுக்கொண்டாள். ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டினாள். ஜிப்பை ஏற்றி நான் தைத்தேன். லாரி குலுங்கக் குலுங்க விரலில் இரண்டு முறை குத்திக்கொண்டேன். நான்கு தையல்தான் போட்டேன். எண்ணிக்கையில் தவறு இல்லை.

வீட்டு வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. அக்காவின் நெற்றியைத் தொட்டாள், நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். பிறகு உள்ளே கூட்டிப்போய்த் திருப்பி நிறுத்தினாள். கட்டைவிரலால் அந்தத் தையலைத் தடவினாள். நான் கதவோரம் நின்றேன். என் குத்துப்பட்ட விரலை உள்ளங்கைக்குள் மடித்துக்கொண்டேன்.

பிளேடால் நூலை அறுத்து ஜிப்பை இறக்கினாள். சட்டைகளைத் தொட்டுப் பார்த்தாள்.

"மல ஏறி எறங்கியிருக்கா. சட்ட நனையவே இல்லியே."

"மேல காத்து அண்ணி. காஞ்சிரும்," என்று சித்தப்பா வெளியிலிருந்தபடியே சொன்னார். உள்ளே வரவில்லை.

அம்மா என்னைப் பார்த்தாள். "இழுப்பு வந்துச்சா?"

"வரலம்மா."

இன்னொரு முறை கேட்டிருந்தால் எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். கேட்கவில்லை. அறுத்த நூலை விரல்களுக்கிடையே வைத்து உருட்டிப் பார்த்தாள். பிறகு அடுப்படியிலிருந்து அப்பாவிடம், "டவுனுக்குப் போனா ஒரு பொட்டி வாங்கிட்டு வாங்க. பூட்டு நல்லதா இருக்கட்டும்," என்றாள். அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். எல்லாரும் அதைச் சந்தோஷம் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

ஜனவரியில் அக்கா போனாள். அவளைப் பேருந்தில் ஏற்றிவிட்டு வந்த பிறகுதான் என் பயம் உண்மையில் தொடங்கிற்று. என் ஒரு பொய்யை நம்பித்தான் அவளை அனுப்பியிருக்கிறார்கள். சிரம்பானில் அவளுக்கு ஏதாவது ஆனால் அதைச் செய்தவள் நான். வெயில் காலம் பரவாயில்லை. மழை பெய்யும் காலைகள்தான் மோசம். மழையில் மரம் வெட்ட முடியாது. அம்மா வேலைக்குப் போகாமல் வீட்டில் இருப்பாள். அப்படிப்பட்ட காலைகளில் நானும் பள்ளிக்குக் கிளம்பாமல் அவளோடு அடுப்படியில் உட்கார்ந்திருப்பேன். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பேன். அம்மா கூரையிலிருந்து விழும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது, நிம்மதியாக இருக்கிறாள், அதைக் கெடுக்க வேண்டாம் என்று வாயை மூடிக்கொள்வேன்.

அக்காவுக்கு ஹாஸ்டலில் இரண்டு முறை இழுப்பு வந்ததாம். இரண்டு முறையும் உடனே வார்டனிடம் சொல்லி, மருந்து வாங்கிக்கொண்டு சமாளித்திருக்கிறாள். படிப்பை முடித்து, வேலைக்குப் போய், இப்போது சிரம்பானிலேயே தெமியாங்கில் குடியிருக்கிறாள். அம்மா இறந்து, காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கலைந்த பிறகு, நாங்கள் இருவரும் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோதுதான் அக்கா ஒன்றைச் சொன்னாள். ஹாஸ்டலுக்குப் போகிற அன்று காலையில் தலைவாரிவிடும்போது அம்மா அவளிடம் சொன்னாளாம்:

"தங்கச்சி ஒத்த நூல்ல தச்சிருக்கா. அங்க மூச்சு முட்டுச்சுன்னா மறைக்காத, பக்கத்துல யாருகிட்டயாச்சும் சொல்லு. எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லாத. பயந்துரும் புள்ள."

நான் கையிலிருந்த பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். தெரிந்தும் அனுப்பியிருக்கிறாள். அந்த மழைக் காலைகளில் அம்மா தண்ணீரைப் பார்த்துக்கொண்டு அக்காவின் மூச்சைத்தான் காதில் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பதும், ஒரே அடுப்படியில் ஒரே பயத்தை நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம் என்பதும் பத்து வயதில் எனக்குத் தெரியவில்லை.